விடையா, வாயடைப்பா?

‘மனிதன் எதற்காக வாழ்கிறான்?’ என்று வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டுவிட்டால், கூடத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் அனைவரிடமும் விடை ஆயத்தமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய வினாவுக்கு இத்துணை விரைவில் விடை கிடைப்பதே நமக்கு ஐயத்தைத் தருகிறது. கால் கிலோ கத்தரிக்காய்க்கு நான்கு கடை ஏறி இறங்கும் நாம், வாழ்வின் பொருளை மட்டும் முதற் கடையிலேயே, சொன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்.

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். அரபியில் ‘மால்’ வேறு, ‘மஃனா’ வேறு. நம்மவர் பலர் மஃனாவைக் கேட்டு வந்தவனிடம் ‘மால்’ சேர்க்கச் சொல்லி அனுப்புகின்றனர்.

‘பிள்ளைகளுக்காக வாழ்கிறோம்’ என்பதே நம் குடும்பங்களில் மிகுதியும் வழங்கும் விடை. இதனை இகழ்ந்துரைக்க நாம் விரும்பவில்லை. துபாயிலும் சவூதியிலும் இருபது, முப்பது ஆண்டுகளைக் கழித்து, நரைத்த தலையோடு திரும்பிய சபராளிகள் இல்லாத தெரு நம் ஊர்களில் உண்டா? அவர்தம் தியாகம் பெரிது. ஆயினும், அது வினாவுக்கு விடையாகாது. தந்தை மகனுக்காக வாழ்கிறான். மகன் தன் மகனுக்காக வாழ்வான். அந்தப் பேரன் எதற்காக? கடன் பத்திரத்தைத் தலைமுறைதோறும் புதுப்பித்து எழுதிக்கொண்டே போனால் கடன் தீர்ந்துவிடுமா? முடிவற்ற இத்தகைய தொடரை மன்திக் நூலார் ‘தஸல்ஸுல்’ என்பர். அது செல்லாது என்பதே அவர்கள் தீர்ப்பு. மேலும், பிள்ளைப் பேறு வாய்க்காதோரின் வாழ்வு வெறும் பதர்தானா? பெருமானாரின் (ஸல்) ஆண்மகவு மறைந்தபோது ‘அப்தர்’, சந்ததியற்றவர், என்று மக்கத்துப் பகைவர் பழித்தனர் என்றும், அதற்கு மறுமொழியாகவே கவ்ஸர் அத்தியாயம் இறங்கிற்று என்றும் விரிவுரையாளர் கூறுவர். பிள்ளையே வாழ்வின் பொருள் என்போர், தம்மை அறியாமலே அப்பழி கூறியவர் பக்கமல்லவா போய் நிற்கின்றனர்!

‘மகிழ்ச்சியாக இருப்பதே வாழ்க்கை’ என்பார்க்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. மய்யித்து வீட்டில் அதனைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி, நம் சொந்த வீட்டு விடைக்கு வருவோம். ‘இறைவனை வணங்கவே படைக்கப்பட்டோம்.’ திருமறையின் 51ஆம் அத்தியாயம் 56ஆம் வசனத்தின் கருத்து இது. நமக்கு இதில் மறுப்பேது? நம் வழக்கு வசனத்தோடு அன்று. அதனைக் கேட்பவன் வாயில் அடைக்கும் துணியாக்குவோரோடுதான். அவன் வாய் மூடுகிறது, மனம் மூடுவதில்லை. ‘என் வணக்கம் இறைவனுக்கு எதற்கு?’ என்ற அடுத்த வினா உள்ளே எழுகிறது. அதைக் கேட்டால் ஈமான் போய்விடும் என்று அச்சுறுத்துகின்றனர்.

நம் முன்னோர் அச்சுறுத்தவில்லை, நூல் எழுதினர். அவ்வசனத்திலுள்ள ‘லாம்’ என்னும் ஓரெழுத்தைப் பற்றியே எத்தனை வாதங்கள்! தமிழில் ‘ஆக’ என்று நாம் பெயர்க்கும் அது, நோக்கத்தையும் குறிக்கும், விளைவையும் குறிக்கும். பிர்அவ்னின் குடும்பத்தார் குழந்தை மூஸாவை (அலை) ஆற்றிலிருந்து எடுத்தது, அவர் தமக்குப் பகைவராவதற்காக என்னும் பொருள்பட மறை கூறுகிறது. பகையை வேண்டியா எடுத்தனர்? அங்கு அது விளைவைச் சுட்டும் ‘லாமுல் ஆகிபத்’. தேவையற்றவனாகிய இறைவனின் செயல் தனக்கொரு பயன் கருதியதாகாது என்று அஷ்அரிய்யா அறிஞர் வற்புறுத்தினர். அடுத்த வசனமும் அவன் நம்மிடம் உணவு நாடவில்லை என்றே அறிவிக்கிறது. ஆகவே, வணக்கத்தின் தேவை முழுவதும் நம்முடையதே.

அரபியர், பலர் நடந்து நடந்து செப்பமுற்ற பாதையை ‘தரீக் முஅப்பத்’ என்பர். ‘இபாதத்’ என்பதன் வேரும் அதுவே. மேடு பள்ளம் தீர்ந்து, பிறர் கடந்து செல்லத்தக்க வழியாக மனிதன் பதப்படுவதே இபாதத் என்று நாம் கொள்கிறோம். தராசில் குறைத்து நிறுத்துவிட்டு முதல் ஸஃப்பில் வந்து நிற்பவருக்கு இவ்விளக்கம் கசக்கும், கசக்கட்டும்.

கேட்டால் ஈமான் போய்விடும் என்போர், இமாம் கஸ்ஸாலியை (ரஹ்) எங்கே வைப்பர்? ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாது நிஜாமிய்யாவில் முந்நூறு மாணவர் சூழப் பாடம் நடத்திய அப்பெருந்தகை, தம் போதனையின் நோக்கத்தைத் தாமே ஆராய்ந்தார், அது இறைவனுக்காகவன்று, புகழுக்காகவே எனக் கண்டார். ஆறு திங்கள் அலைக்கழிந்தார். பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர் கைவிட்டனர். பதவியைத் துறந்து வெளியேறினார். இவற்றையெல்லாம் ‘அல்முன்கித்’ நூலில் மறைக்காமல் எழுதியும் வைத்தார். இபாதத் என்ற சொல் அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்த சொல் அவருக்குப் போதவில்லை.

இறுதி நாள் வந்துவிட்ட வேளையிலும், ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருந்து, நட இயலுமாயின் நட்டுவிட வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை இமாம் அஹ்மது (ரஹ்) தம் முஸ்னதில் பதிந்துள்ளார். அந்தக் கன்று காய்க்கப் போவதில்லை. அதன் நிழலில் பேரன் விளையாடப் போவதில்லை. நட்டவனை ஊர் புகழப் போவதுமில்லை. கூடத்துப் பெரியவர்களின் விடைகளுள் ஒன்றும் அங்கே பொருந்தாது. இருந்தும் நடச் சொல்கிறார்கள் பெருமானார் (ஸல்). ஏன்?

இந்த ‘ஏன்’ என்பதை மக்தபில் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஆலிம் பெருமக்களே! விடையை முந்திச் சொல்லிவிடாமல், அவர்கள் வாய் திறக்கும் வரை சற்றுப் பொறுத்திருங்கள்.