வீட்டிலே பால் சோப்பு

மார்கழி பிறந்துவிட்டால் கோலமும் பொங்கலும் மட்டும் வருவதில்லை. முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தாற்போன்ற வறட்சியும் கூடவே வந்து சேருகிறது. நகத்தால் கீறினால் சிலேட்டில் எழுதினதுபோல் வெள்ளைக் கோடு விழுகிறது. வயோதிகர்களுக்கோ இந்த அரிப்பு இராத் தூக்கத்தையே கெடுத்துவிடும். நமது வீட்டில் 75 வயதைத் தாண்டிய அத்தை ஒருவர் இருக்கிறார். அவருடைய கால்களை முன்னிட்டே நாம் சோப்புச் செய்யும் காரியத்தில் இறங்கினோம். முதல் முயற்சியில் அந்தக் கால்களுக்கே தீங்கு செய்தோம் என்பதையும் நேயர்களிடம் மறைப்பதற்கில்லை.

நடந்தது இதுதான். எண்ணெயையும் பாலையும் ஆழாக்கால் அளந்த கையோடு காஸ்டிக் சோடாவையும் ஆழாக்காலேயே அளந்துவிட்டோம். சாம்பாருக்குப் பருப்புப் போடுகிற அளவு இதற்கும் போதும் என்ற நினைப்பு! கட்டி என்னவோ பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அத்தை இரண்டு நாள் தேய்த்துக் குளித்தார். மூன்றாம் நாள் கணுக்காலைச் சுற்றிச் செக்கச் செவேலென்று எரிச்சல். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழைய பயற்றமாவு டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்நான அறைக்குப் போனார். அதைக் காட்டிலும் நம்மை நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

எண்ணெயும் காரமும் கூடினால் சோப்பும் கிளிஸரினும் உண்டாகின்றன. பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஷெவ்ரெல் 1823-ல் வெளியிட்ட நூலில் கொழுப்பின் இந்த மர்மத்தை விளக்கினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரத்தின் அளவு வேறு. 100 கிராம் தேங்காயெண்ணெய் 18 கிராமுக்குச் சற்று அதிகமான காஸ்டிக் சோடாவை ஏற்கும். அதே எடை நல்லெண்ணெய்க்குச் சுமார் 13½ கிராமே போதும். மிஞ்சின காரம் சருமத்தைத் தின்னும். ஆகையால் நல்ல தராசு இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பின்னர் நாம் கைக்கொண்ட கணக்கு இது. தேங்காயெண்ணெய் 150 கிராம், நல்லெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், ஆட்டுப்பால் 170 கிராம், காஸ்டிக் சோடா 69 கிராம். எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்கு 74 கிராம் வேண்டும். 5 கிராமை வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம். அதனால் சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலுக்குத் துணை செய்யும். தேங்காயெண்ணெய் மிகுந்தால் நுரை பிரமாதமாக வரும். ஆனால் வறண்ட தோலை அது மேலும் வறட்டும். ஆட்டுப்பால் அகப்படாதவர்கள் பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொள்ளலாம்.

பாலை முன்னாளே குளிர்ப்பெட்டியில் வைத்துக் கட்டியாக்கிவிட வேண்டும். காஸ்டிக் சோடா ஈரத்தில் பட்டதும் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் பாலிலுள்ள சர்க்கரை கருகி, ஆரஞ்சு நிறமாகித் துர்நாற்றம் வீசும். எவர்சில்வர் பாத்திரத்தில் பால் கட்டிகளைப் போட்டு, அதைக் குளிர்ந்த நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்துக்குள் வைத்து, காரத்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்குக. காரத்தின்மேல் பாலை ஊற்றலாகாது, சீறித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்துவிடும். கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அந்தப் பக்கமே வரலாகாது. மேலே தெறித்துவிட்டால் வினிகர், எலுமிச்சம்பழம் என்று ஓடாமல், குழாய்த் தண்ணீரில் வெகு நேரம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் அவ்வாறே கழுவிக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

பால் முழுதும் கரைந்த பிறகு, இளஞ்சூடான எண்ணெய்க் கலவையில் அதை வடிகட்டி ஊற்றி மத்தால் கடைய வேண்டும். கைமத்தானால் பொறுமை வேண்டும்; மின்சார மத்தானால் சில நிமிஷ வேலை. மத்தைத் தூக்கிச் சொட்டவிட்டால், விழுந்த கோடு கோலம் இழைத்ததுபோல் மேலே சற்று நிற்க வேண்டும். அதுதான் பதம். உடனே காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிவிடலாம். கம்பளி போர்த்த வேண்டாம். பால் சேர்ந்த சோப்பு தானாகவே சூடேறும். இரண்டு நாள் கழித்து வில்லைகளாக அறுத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கிவைத்து, 4 முதல் 6 வாரம் காத்திருக்க வேண்டும். அறுக்கும்போது வெள்ளைப் பொடித் திட்டுகளோ, கசியும் நீரோ கண்டால் அந்தச் சோப்பை உடம்புக்கு உபயோகிக்கலாகாது.

மைசூர் சமஸ்தானத்தார் பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலை வைத்துச் சந்தன சோப்புக்குப் பேர் வாங்கித் தந்தார்கள். நமது வில்லைக்கு அந்த வாசனையும் கிடையாது, வழவழப்பும் கிடையாது. நல்லெண்ணெய் மணம்கூட லேசாக வரும். ஆனால் பெரிய ஆலைகள் பல பிரித்தெடுத்து விற்றுவிடுகிற கிளிஸரின் இதிலேயே தங்கியிருக்கிறது. தோலுக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பது அதுதான்.

பால் சோப்பு வறட்சியைக் குணப்படுத்தும் மருந்து என்று சிலர் சொல்வதை நாம் ஒப்பமாட்டோம். எத்தனை பால் வார்த்தாலும் சோப்பு காரந்தான். நம் தோலின் இயல்போ சிறிது புளிப்பு. மிருதுவான சோப்பு கேட்டைக் குறைக்கும், அவ்வளவே. வெந்நீரைக் குறைத்து, குளித்த ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயை லேசாகத் தடவிக்கொள்வதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலும், சிவந்து தடித்தாலும் வைத்தியரைப் பார்ப்பதே முறை.

இரண்டாம் முறை செய்த வில்லையை அத்தையிடம் நாம் கொடுக்கவில்லை. ஒரு மாதம் நாமே தேய்த்துக் குளித்தோம். அதைப் பார்த்துக்கொண்டேயிருந்த அவர், ஒரு நாள் தாமாகவே மாடத்திலிருந்து ஒன்றை எடுத்துச் சென்றார். இவ்வருஷம் மார்கழிக்கு வேண்டும் என்று ஐப்பசி முதல் வாரத்திலேயே ஆட்டுப்பாலுக்குச் சொல்லிவைத்தவரும் அவரே.