முறுக்கினால் உடையும்... காத்திருந்தால் கழலும்!

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நாலு வருஷமாக ஒரு லாரி நிற்கிறது. டாடா 1210. அப்பா ஓட்டியது. என் டிப்ளமோ ஃபீஸ், தங்கையின் ஹாஸ்டல் செலவு, வீட்டுக்குப் போட்ட தளம் எல்லாமே அது சம்பாதித்துக் கொடுத்ததுதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நிறுத்தியது. அதன் பிறகு யாரும் சாவி போடவில்லை.

போன மாசம் பழைய இரும்பு வியாபாரி வந்து விலை பேசினார். அம்மா தலையாட்டிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்ஜின் சுத்துதான்னு ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணலாம்மா” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். சுற்றும் இன்ஜினுக்கு ஒரு விலை. பிடித்துக்கொண்ட இன்ஜின் என்றால் வெறும் எடைக்கணக்கு.

நாலு வீடியோ பார்த்த தைரியத்தில் சைலென்சர் மேனிஃபோல்டு நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, முழு பலத்தையும் கொடுத்தேன். ‘டக்’கென்று கழன்றது. சந்தோஷம் ஒரு நொடிதான். நட்டோடு சேர்ந்து பாதி ஸ்டட்டும் கையில் வந்திருந்தது.

மறுநாள் நாமக்கல்லில் இருந்து பட்டறை மாமா வந்தார். அப்பாவின் லாரிக்கு இருபது வருஷமாக வேலை பார்த்தவர். உடைந்த துண்டைப் பார்த்துச் சிரித்தார். “ஏங்கண்ணு, வருசக்கணக்கா புடிச்சது ஒரு நிமிசத்துல வுட்டுருமா?”

ஏன் பிடித்துக்கொள்கிறது?

இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கிறது. நட்டின் மரைக்குள் ஏற்கெனவே இடமில்லை. அங்கே துரு வளர்ந்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். மேனிஃபோல்டு நட்டுகள் தினமும் காய்ந்து, ஆறி, மறுபடி காய்ந்தவை. அதனால் இன்னும் இறுகிப்போகும். அந்த நேரத்தில் நாம் கொடுக்கும் பலம் நட்டைச் சுழற்றாது, ஸ்டட்டைத்தான் முறிக்கும்.

மாமாவின் வழி

முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையில் வெளியே தெரிந்த துருவைச் சுரண்டினார். துரு இளக்கும் ஆயிலை அடித்து, நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பலமாக அல்ல; கதவைத் தட்டுவதுபோல. அந்த அதிர்வில் ஆயில் உள்ளே இறங்குமாம். “இன்னிக்கு வேலை முடிஞ்சுது” என்று கிளம்பிவிட்டார். எனக்கு ஏமாற்றம்.

இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பினார். ‘கிர்ர்’ என்றது. “துரு வுட்ட சத்தம் கண்ணு.” பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி ஆயில். மீதி நட்டுகள் ஒன்றுகூட உடையவில்லை.

வராமல் அடம்பிடித்த ஒன்றுக்கு மட்டும், ஆயிலை நன்றாகத் துடைத்துவிட்டு, கேஸ் ஃபிளேமை நட்டின் மேல் காட்டினார். சூட்டில் நட்டு விரியும். 20 மில்லிமீட்டர் இரும்பு 300 டிகிரி சூடானால் சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடி கனம்! அது போதும். சூடு சற்றுத் தணிந்ததும் மெழுகுவத்தியை வைத்தார். உருகிய மெழுகு மரைக்குள் இழுபட்டது. நட்டு வந்துவிட்டது.

நான் உடைத்த ஸ்டட்? வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு புது நட்டை வைத்து, உள்ளே வெல்டிங் பிடித்தார். அந்தச் சூடே துருவை உடைத்துவிட, ஸ்பேனரில் சுழன்று வந்தது.

ஆறு சிலிண்டரில் ஒன்று

பெரிய வேலை பிஸ்டன். ஏர் கிளீனர் இல்லாமல் நின்றதால், வால்வு திறந்திருந்த சிலிண்டருக்குள் ஈரம் இறங்கி, லைனர் துருப்பிடித்திருந்தது. ஆறு நாசிலையும் கழற்றி, அந்தத் துளைகள் வழியே டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கலந்து ஊற்றினார். ஐந்து நாள் காத்திருந்தோம். பிறகு ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினார்.

நீங்கள் முயன்றால்...

* பிடித்த இன்ஜினை ஸ்டார்ட்டர் போட்டோ, வண்டியை இழுத்தோ சுற்றவைக்காதீர்கள். கனெக்டிங் ராடு வளையலாம்.
* சிலிண்டரில் ஆயில் ஊற்றியிருந்தால், நாசில்களைக் கழற்றி வைத்துவிட்டே சுற்றுங்கள். திரவம் அமுங்காது. பிறகு சம்ப் ஆயிலையும் மாற்றுங்கள்.
* வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டீசல் பைப் பக்கம் தீ வேண்டாம்.
* குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்கினால் விஷவாயு வரும்.
* ‘ஈசி அவுட்’ உள்ளே உடைந்தால், சாதாரண டிரில்லால் அதைத் துளைக்க முடியாது. அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஃப்ளைவீல் ஒரு விரற்கடை நகர்ந்தது. திண்ணைக் கட்டிலில் இருந்து அப்பா குழறலாக ஏதோ சொன்னார். கிட்டே போய்க் கேட்டேன். “ரெண்டாவது சிலிண்டருக்கு... இன்னும் கொஞ்சம்... ஊத்தச் சொல்லு சாமி.” எந்த சிலிண்டர் பிடித்திருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதே சிலிண்டரில் ஊற்றினார்.

மறுநாள் இன்ஜின் முழுச் சுற்று சுற்றியது. ஸ்டார்ட் ஆகுமா என்பது இனிமேல்தான் தெரியும்; பம்ப்பும் நாசிலும் சர்வீஸுக்குப் போயிருக்கின்றன. இரும்பு வியாபாரி நேற்று போன் செய்தார். அம்மாதான் எடுத்தார்.

“இப்போதைக்கு இல்லீங்க.”