நடுப்படி இல்லாத ஏணி

திருகோணமலை உட்துறைமுக வீதி வழியாக மாலையில் நடப்பது எனது நெடுநாள் வழக்கம். கிழக்கு மாகாண சபைக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் கால்கள் சற்றுத் தயங்கும். பத்திரிகையாளர் ஆசனத்தில் அமர்ந்து, உறுப்பினர்களின் வாதப் பிரதிவாதங்களைக் குறிப்பெடுத்த நாட்கள் நினைவுக்கு வரும். அலுவலகங்கள் இன்றும் இயங்குகின்றன, கோப்புகள் நகர்கின்றன. ஆனால், மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் அங்கே இல்லை. 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி அச்சபையின் பதவிக்காலம் முடிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆசனங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

அண்மையில் இங்குள்ள மாதர் அமைப்பொன்று, பெண் அரசியல்வாதி ஒருவரின் வாழ்வைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருந்தது. நான் தேர்ந்தெடுத்தது இந்தியாவின் முன்னாள் வெளிவிவகார அமைச்சர் சுஷ்மா சுவராஜை. ‘தமிழர்களான நமக்கு ஜெயலலிதா இருக்க, வடஇந்தியர் ஒருவர் எதற்கு?’ என்று சிலர் முகம் சுளித்தனர். அவருடைய கட்சியின் அரசியலில் எனக்கும் உடன்பாடில்லை. எனினும், எனது தேர்வுக்குக் காரணம் உண்டு. அரசியல் குடும்பத்தின் வழியாகவோ திரைப்புகழின் வழியாகவோ வராத ஒரு பெண், மாநிலத்துக்கும் மத்திக்குமிடையே படிப்படியாக ஏறியும் இறங்கியும் நாற்பதாண்டு காலம் நின்றுபிடித்த கதை அது.

1952 இல் அம்பாலாவில் பிறந்து சட்டம் பயின்றவர் அவர். அவசரநிலைக் காலத்தில் ஜோர்ஜ் பெர்னாண்டஸின் வழக்கில் வாதாடிய சட்டத்தரணிகள் குழுவோடு சேர்ந்து நின்றார். 1977 இல் ஹரியானா சட்டமன்றத்துக்குத் தெரிவாகி, தேவிலாலின் அமைச்சரவையில் தொழில் அமைச்சரானபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1987 இல் அதே மாநிலத்தின் கல்வி அமைச்சர். 1990 இல் மாநிலங்களவை உறுப்பினர். 1996 இல் தென்டில்லியிலிருந்து மக்களவைக்குச் சென்று, பதின்மூன்று நாள் மட்டுமே நீடித்த வாஜ்பாயி அரசில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். மக்களவை விவாதத்தை நாடு முழுவதும் நேரடியாகக் காண வழிசெய்தது அக்குறுகிய காலத்தில்தான்.

இறக்கங்களும் இருந்தன. 1998 ஒக்டோபரில் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்து டில்லியின் முதற் பெண் முதலமைச்சரானார். ஏழு வாரமே அப்பதவி நிலைத்தது. வெங்காய விலை ஏற்றம் ஆட்சியையே கவிழ்த்தது. இந்திய வெங்காயத்தின் விலையை நம்பிச் சமையல் செய்யும் நமது குடும்பங்களுக்கு அந்தக் கோபத்தை விளக்கவேண்டியதில்லை. அவரைத் தோற்கடித்துப் பதவிக்கு வந்த ஷீலா தீட்சித்தும் ஒரு பெண்ணே. அவர் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் டில்லியை ஆண்டார். அடுத்த ஆண்டு சோனியா காந்தியை எதிர்த்துக் கர்நாடகத்தின் பெல்லாரியில் போட்டியிட்ட சுஷ்மா, கன்னடம் கற்றுப் பிரசாரம் செய்தும் 56,000 இற்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்றார்.

தோற்றவர் ஒழிந்துபோகவில்லை. மீண்டும் மாநிலங்களவை, மீண்டும் தகவல் ஒலிபரப்பு, பின்னர் சுகாதாரம், 2009 இன் இறுதியிலிருந்து மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், 2014 முதல் 2019 வரை வெளிவிவகார அமைச்சர். இந்திரா காந்திக்குப் பின்னர் அப்பொறுப்பை வகித்த பெண் இவர்தான். 2019 ஓகஸ்ட் 6 ஆம் திகதி காலமானார்.

குறைகளை மறைப்பதற்கில்லை. சோனியா பிரதமரானால் தலையை மழித்துக்கொள்வேன் என்று 2004 இல் இவர் அறிவித்தது, ஒரு பெண் தலைவர் இன்னொரு பெண் தலைவரை எதிர்க்கக் கைக்கொண்ட மிக மலிவான வழி என்பதே எனது கருத்து. 2012 ஏப்பிரலில் இந்திய நாடாளுமன்றக் குழுவின் தலைவியாக அவர் இலங்கைக்கு வந்தபோது, அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் அக்குழுவிலிருந்து விலகிக்கொண்டன. நமது மக்களிடையேயும் அவ்வருகை குறித்து ஐயங்கள் இருந்தன. எனினும், திருகோணமலையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அமரர் இரா. சம்பந்தன் தலைமையிலான கூட்டமைப்பினர் அக்குழுவைச் சந்தித்தனர். 13 ஆவது திருத்தம் முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்பது அக்குழு வலியுறுத்திய விடயங்களில் ஒன்று.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, துறைமுகத்துக்கு அப்பாலுள்ள ஒரு பிரதேச சபையின் பெண் உறுப்பினர் எழுந்தார். “ஐயா, அந்த அம்மா இருபத்தைஞ்சு வயசில மாநில அமைச்சர். நான் பிரதேச சபையில இருக்கிறன். எனக்கு அடுத்த படி எது?” என்று கேட்டார். மண்டபத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலும் வரவில்லை.

அவருடைய கேள்வியில் அரசியல் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சுஷ்மாவின் திறமையை நாம் வியக்கிறோம். ஆனால், அத்திறமையைத் தாங்கிய ஏணியை மறந்துவிடுகிறோம். ஹரியானா சட்டமன்றம் இல்லையேல் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் அமைச்சராகியிருக்க முடியாது. டில்லியில் தோற்றவருக்கு மாநிலங்களவை இல்லையேல், பின்னாளில் அவர் வெளிவிவகார அமைச்சராகியிருக்கவும் முடியாது. விழுந்தால் ஏந்திக்கொள்ளவும், எழுந்தால் ஏற்றிவிடவும் ஒரு நடுத்தளம் வேண்டும்.

அத்தகைய நடுத்தளம் இலங்கையிலும் இருந்தது. 1987 ஜூலையில் கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து மாகாண சபைகள் பிறந்தன. 1993 மே மாதத்தில் சந்திரிகா குமாரதுங்க மேல்மாகாண முதலமைச்சரானார். மறு ஆண்டு ஓகஸ்டில் பிரதமர், நவம்பரில் ஜனாதிபதி. குடும்பப் பெயர் அவருக்குத் துணைநின்றது உண்மை. ஆயினும், ஆளும் திறனை மக்களுக்குக் காட்ட அவருக்குக் கிடைத்த முதல் மேடை மாகாண சபையே. நமது கிழக்கிலும் 2012 இல் அமைந்த சபையின் தவிசாளராக ஆரியவதி கலப்பத்தி தெரிவானார். 2015 இல் மாகாண அமைச்சரானார். அவர் எந்தக் கட்சி, எந்த இனம் என்பதல்ல இங்கு முக்கியம். இந்தக் கரையில் ஒரு பெண் சபையை நடத்தியதையும் அமைச்சை வகித்ததையும் நாம் கண்டோம்.

இப்போதைய நிலை என்ன? உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடங்கள் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. 2018 பெப்ரவரித் தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அம்மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டளவே இருந்தனர். ஆக, கீழ்ப்படியில் பெண்கள் வந்து நிற்கின்றனர். மேற்படியான நாடாளுமன்றத்திலோ, 2024 தேர்தலுக்குப் பின்னரும் 225 பேரில் பத்திலொரு பங்கைக்கூட அவர்கள் எட்டவில்லை. திருகோணமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010, 2015, 2020, 2024 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் நந்நான்கு பேராகப் பதினாறு ஆசனங்களை நிரப்பினோம். பதினாறும் ஆண்களுக்கே. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூவினத்தாரும் எதில் ஒற்றுமைப்பட்டோமோ இல்லையோ, இதில் ஒற்றுமைப்பட்டிருக்கிறோம்.

கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் நடுவில் இருந்த படியைத்தான் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய விதமும் கவனிக்கத்தக்கது. மாகாண சபைத் தேர்தலில் பெண் வேட்பாளர்களின் பங்கை உறுதிசெய்வதற்கென்று 2017 இல் ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. குழுநிலையில் அதனுள் புதிய கலப்புத் தேர்தல் முறை நுழைக்கப்பட்டது. அதற்கு எல்லை நிர்ணயம் தேவையாயிற்று. அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, தேர்தலும் இல்லை. பெண்களின் பெயரால் திறக்கப்பட்ட கதவு எல்லாருக்குமாக அடைக்கப்பட்டது. இந்தியாவிலும் 2023 இல் நிறைவேறிய பெண்கள் ஒதுக்கீட்டுச் சட்டம், குடித்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே செயற்படும் என்ற நிபந்தனையோடுதான் எழுதப்பட்டது. பெண்களுக்குப் பங்கு தரும் நேரம் வந்தால் மட்டும் நில அளவை தொடங்கிவிடுகிறது!

‘அதிகாரமற்ற மாகாண சபை இருந்தென்ன, போயென்ன?’ என்று கேட்போர் நமது தரப்பிலும் உள்ளனர். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் தரப்படவில்லை என்பது மெய். 13 ஆவது திருத்தம் நமது அபிலாசைகளுக்குப் போதாது என்பதும் மெய். ஆனால், வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. சபை இல்லாத இடத்தில் ஆளுநர் ஆள்கிறார். 2019 முதல் 2023 வரை கிழக்கின் ஆளுநராக இருந்தவர் ஒரு பெண்தான். ஆனால், அவரை நியமித்தவர் ஜனாதிபதி. அவரிடம் கணக்குக் கேட்கும் வாக்கு இம்மாகாணத்தின் எந்தப் பெண்ணின் கையிலும் இருக்கவில்லை. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள், சம்பூரில் ஆண்டுக்கணக்கில் காணிக்காகக் காத்திருந்த பெண்கள் – இவர்களது குறைகளை, கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஓர் உறுப்பினர் சபையில் எழுப்புவதும், அவர்கள் மனுக்களோடு கச்சேரி வாசலில் நிற்பதும் ஒன்றல்ல.

பழைய விகிதாசார முறைக்குத் தற்காலிகமாகத் திரும்பித் தேர்தலை நடத்த ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும். மனம்தான் வேண்டும். அரசை மட்டும் குறைசொல்லித் தப்பவும் நான் விரும்பவில்லை. தேர்தல் வரும் நாளில், நமது கட்சிகள் வேட்புமனுவின் கடைசி வரிசையை நிரப்புவதற்காகப் பெண்களைத் தேடி அலையப் போகின்றனவா, அல்லது பிரதேச சபைகளிலும் நகர சபைகளிலும் பயின்று நிற்கும் பெண்களை முன்வரிசைக்கு அழைக்கப் போகின்றனவா?

2017 இல் இருபத்தைந்து வயதாக இருந்த ஒரு பெண், இன்று முப்பத்துமூன்றைக் கடந்திருப்பார். சுஷ்மாவுக்கு ஹரியானா கொடுத்த வயதை நாம் அப்பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டோம். அதைத் திருப்பித்தர எந்தச் சட்டத்தாலும் இயலாது. அன்று மண்டபத்தில் கேட்ட சகோதரிக்கு நான் சொல்லத் தவறிய பதில் இதுதான்: உங்கள் அடுத்த படி உட்துறைமுக வீதியில்தான் இருக்கிறது, அம்மா. அது பூட்டிக் கிடக்கிறது. திறக்கச் சொல்லிக் கேட்பதற்கு உங்களோடு நாங்களும் வரவேண்டும்.