புழு சாகவில்லை, தொழிலாளி சாகிறான்!

2017-ம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கையுறை போடவில்லை, முகமூடி கட்டவில்லை என்று செத்தவர்கள் மீதே பழி சுமத்தப்பட்டது. இந்தப் பழியை நாம் ஏற்க முடியாது. மருந்தைக் கையாளுவோருக்குத் தக்க பாதுகாப்பு உடை வேண்டும் என்பது 1971-ம் ஆண்டின் பூச்சிமருந்து விதி. அன்றாடக் கூலிக்கு வந்தவன் அதை எந்தக் காசில் வாங்குவான்?

மருந்து ஏன் மேலும் மேலும் தேவைப்படுகிறது? ஒரே மருந்தை ஓயாமல் அடித்தால், அதற்குச் சாகாத சில புழுக்கள் மிஞ்சும். அவற்றின் சந்ததியே பிறகு வயலை நிறைக்கும். 1987-ல் ஆந்திராவில் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பைரெத்ராய்டு மருந்துக்குக் காய்ப்புழு சாகவில்லை. பருத்தி அழிந்தது, கடன்பட்ட விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2002-ல் பி.டி. பருத்தி வந்தது, மருந்துச் செலவு குறையும் என்றார்கள். சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தின்று பிழைக்கத் தொடங்கியது. மருந்து டாங்கி மீண்டும் தொழிலாளியின் முதுகில் ஏறியது. கம்பெனிக்கோ இரண்டு முறையும் லாபம்!

வழி இல்லாமல் இல்லை. புழுவை எண்ணிப் பார்த்து, சேதம் எல்லை மீறினால் மட்டுமே மருந்தடிக்க வேண்டும். அடுத்த முறை வேறு வகை மருந்து வேண்டும். டப்பாவின் பெயர் மட்டும் மாறினால் போதாது. இரண்டு மூன்று மருந்துகளை இஷ்டம்போல் கலப்பது விஷத்தைப் பெருக்கும். அறுவடை முடிந்ததும் பருத்தி மாரை வயலில் விட்டுவைக்கக் கூடாது.

ஆலைத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. ஜின்னிங் ஆலையில் குவிந்து கிடக்கும் பருத்தியிலும் கொட்டையிலும் இப்புழு உயிரோடிருந்து, அந்துப்பூச்சியாகிப் பக்கத்து வயல்களுக்குப் பறக்கிறது. கழிவை உடனுக்குடன் அகற்றவும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும் நிர்வாகத்தை வற்புறுத்துங்கள்.

மருந்து விற்பவனே யோசனை சொல்பவனாகவும் இருக்கும் நிலை ஒழிய வேண்டும். வயலுக்கு வந்து புழுவைப் பார்த்துச் சொல்லும் சர்க்கார் அதிகாரி வேண்டும். மருந்தடிப்பவனுக்கும், கலக்கத் தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு உடையை வேலை கொடுப்பவரே தர வேண்டும். விஷம் தாக்கினால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் வேண்டும்.

உடையில்லாமல் டாங்கியைத் தூக்க மாட்டோம் என்று ஒருவன் சொன்னால் வேலை போகும். ஊரே சேர்ந்து சொன்னால் உடை வரும். தோழர்களே, சங்கத்தில் திரண்டு சொல்லுங்கள்!