"இன்னும் ஒரே ஒரு வாய்": இதை முதல்ல நிறுத்துங்க

1/
1 வயசுல இருந்து 3 வயசு வரைக்கும், என்ன சாப்பாடு, எப்போ சாப்பாடு என்பதை முடிவு செய்ய வேண்டியது பெரியவங்க. எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியது குழந்தை. நம்ம வீடுகள்ல இது அப்படியே தலைகீழா நடக்குது. கொஞ்சம் நீளமான த்ரெட். கொஞ்சம் காட்டமாவும் இருக்கும்.

2/
கைலாசபுரம் டவுன்ஷிப்ல சாயங்காலம் ஒரு சுத்து நடந்து பாருங்க. ஒரு கையில கிண்ணம், இன்னொரு கையில செல்போன். "காக்கா பாரு, பஸ் பாரு, ஆ காட்டு." வாயைத் திருப்பினா கன்னத்தைப் பிடிச்சு உள்ளே தள்ளுறது. முக்கால் மணி நேரம் இதே போராட்டம். குழந்தையும் அழுது, அம்மாவும் அழாத குறை. இதுக்குப் பேரு ஊட்டுறது இல்லைங்க, திணிக்கிறது.

3/
அடிக்கடி கேட்கிற புகார்: "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான் டாக்டர், இப்ப சாப்பிடவே மாட்டேங்குறான்."
கணக்கு போடுவோம். பிறக்கும்போது 3 கிலோ இருக்கிற குழந்தை முதல் பிறந்தநாளுக்கு ஏறக்குறைய 9 கிலோ. ஒரே வருஷத்துல 6 கிலோ. ஆனா ரெண்டாவது வருஷம் முழுக்க ஏறுறது 2 முதல் 2.5 கிலோதான்.
வளர்ச்சி வேகம் குறையுது, பசியும் குறையுது. இது நோய் இல்லை, இயற்கை.

4/
அப்போ எவ்வளவு கொடுக்கணும்? 12 முதல் 23 மாசக் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்ற அளவு: 250 மில்லி பிடிக்கிற கிண்ணத்துல முக்கால் கிண்ணத்துல இருந்து ஒரு கிண்ணம். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளை, இடையில ஒன்றிரண்டு தடவை சின்னத் தீனி. தாய்ப்பால் 2 வயசு வரைக்கும், அதுக்கு மேலேயும் தொடரலாம்.
அவ்வளவுதான். அப்பாவோட தட்டுல பாதி அளவு இல்லை.

5/
காய், கீரை, பொரியல் மாதிரி ஒவ்வொரு ஐட்டமும் ஒரு வயசுக்கு ஒரு டேபிள் ஸ்பூன் வச்சு ஆரம்பிங்க. 2 வயசுன்னா 2 ஸ்பூன். கேட்டா இன்னும் வைங்க. கேட்கலைன்னா தட்டை எடுத்துடுங்க. மலையா குவிச்சு வச்சுட்டு "பாதிகூட சாப்பிடலை"ன்னு சொன்னா, தப்பு குழந்தை மேல இல்லை, குவிச்சவங்க மேல.

6/
"அப்போ தமிழ்நாட்டுல ஊட்டச்சத்துக் குறைவே இல்லையா?" இருக்கு, நிறையவே இருக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள உள்ள தமிழ்நாட்டுக் குழந்தைகள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாலுல ஒரு குழந்தை வயசுக்கேத்த உயரம் இல்லை.
ஆனா இன்னும் நாலு வாய் ரசம் சாதம் திணிச்சா இது சரியாகாது. குறையுறது அளவு மட்டும் இல்லை, தட்டுல இருக்கிற வகை.

7/
பல வீடுகள்ல குழந்தையோட ஒரு நாள் இப்படி: காலையில பால், அப்புறம் இட்லி சர்க்கரை, மறுபடி பால், மதியம் தயிர் சாதம், சாயங்காலம் பிஸ்கட் பால், ராத்திரி பால் சாதம். எல்லாமே வெள்ளை! இதுல இரும்புச்சத்து எங்கே?
பால் ஒரு நாளைக்கு மொத்தம் 400 முதல் 500 மில்லி போதும். அதுக்கு மேல போனா பசி அடங்கிடும், சாப்பாடு இறங்காது, ரத்தசோகையும் வரும். டீ, காபி இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம். டீ இரும்புச்சத்து உடம்புல சேருறதைத் தடுக்கும்.

8/
தட்டைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி. உலக சுகாதார நிறுவனம் எட்டு வகையா பிரிக்குது: தாய்ப்பால், அரிசி, ராகி, கிழங்கு, பருப்பு, சுண்டல், கடலை, பால், தயிர், மீன், கறி, ஈரல், முட்டை, கேரட், பப்பாளி, கீரை மாதிரி வைட்டமின் ஏ உள்ளவை, மத்த காய், பழங்கள்.
ஒரு நாள்ல இதுல 5 வகையாவது உள்ளே போயிருக்கணும். வாய்களை எண்ணாதீங்க, வகைகளை எண்ணுங்க.

9/
ஒன்றரை, ரெண்டு வயசுக்கு ஒரு நாள் மாதிரி:
காலை: ஒரு இட்லி, காய் போட்ட சாம்பார், கொஞ்சம் நெய்.
11 மணி: பாதி வாழைப்பழம்.
மதியம்: முக்கால் கிண்ணம் பருப்பு சாதம், 2 ஸ்பூன் கீரை, ஒரு முட்டை அல்லது முள் எடுத்த மீன்.
சாயங்காலம்: மசிச்ச சுண்டல் அல்லது பப்பாளி.
ராத்திரி: ஒரு ராகி தோசை, கேரட் கூட்டு.
சைவ வீடா? பருப்பும் சுண்டலும் தினமும் இருக்கட்டும். கீரையில ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிங்க, இரும்புச்சத்து நல்லா சேரும்.
முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும். கடலையைப் பொடிச்சு, திராட்சையை நறுக்கிக் கொடுங்க.

10/
"புரோட்டீன் பவுடர் எழுதிக் கொடுங்க டாக்டர்."
இந்த வயசுல ஒரு நாளைக்குத் தேவையான புரதம் ஏறக்குறைய 12 கிராம். ஒரு முட்டையில 6 கிராம். 200 மில்லி பால்ல 6 கிராமுக்கு மேல. முடிஞ்சது கணக்கு! பருப்பைச் சேர்க்கவே இல்லை. டப்பாவுக்குப் போற பணம் யாரோட பயத்துல இருந்து போகுதுன்னு யோசிங்க.

11/
அந்த பயம்தான் வியாபாரம். 2024 ஏப்ரல்ல பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை: இந்தியாவுல விக்கிற நெஸ்லே செரலாக்ல ஒரு வேளைக்குச் சராசரியா 2.7 கிராம் சேர்த்த சர்க்கரை. அதே கம்பெனி ஐரோப்பாவுல அந்த மாதிரிப் பொருளைச் சர்க்கரை சேர்க்காம விக்குது. பிறகுதான் இங்கேயும் வெள்ளைச் சர்க்கரை இல்லாத வகைகள் வந்துச்சு.
அதே மாசம் மத்திய வர்த்தக அமைச்சகம் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது.
2 வயசு வரைக்கும் சேர்த்த சர்க்கரை பூஜ்யம். நாட்டுச் சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் இதுல அடங்கும்.

12/
இன்னொரு விஷயம். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சது இதே திருச்சியில, நம்ம பக்கத்துல இருக்கிற பாப்பாக்குறிச்சியில. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு மட்டும் இல்லை, 2 வயசுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான். சாதம், பருப்பு, காய், பின்னாடி முட்டையும். அங்கன்வாடியில உட்கார்ந்து, நாலு பிள்ளைங்களோட, தானே கையால எடுத்துச் சாப்பிடற சாப்பாடு.
அதை "ஏழைங்க சாப்பாடு"ன்னு ஒதுக்கிட்டு, டப்பா பொடியை "ஸ்டாண்டர்டு"ன்னு வாங்கறோம் பாருங்க, அங்கேதான் கோபம் வருது.

13/
"குழந்தைக்கு என்ன தெரியும் அளவு?"
1920-கள்ல அமெரிக்காவுல கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், பால்குடி மறக்கிற வயசுக் குழந்தைகள் முன்னாடி முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளை மாத்தி மாத்தி வச்சாங்க. யாரும் வற்புறுத்தலை. ஒரு வேளை நிறைய, ஒரு வேளை கொஞ்சம், ஆனா குழந்தைகள் நல்லாவே வளர்ந்துச்சு.
ரகசியம் அவங்களே சொன்னதுதான்: அந்தப் பட்டியல்ல சர்க்கரையும் இல்லை, பாக்கெட் தீனியும் இல்லை. பட்டியல் பெரியவங்க கையில, அளவு குழந்தை கையில.
நம்ம வீட்டுல? பிஸ்கட்டா சாதமான்னு முடிவு பண்றது குழந்தையோட அழுகை. எத்தனை வாய்னு முடிவு பண்றது நாம.

14/
தாத்தா பாட்டிகளுக்கு, அக்கம்பக்கத்துக்கு, கல்யாண மண்டபத்துல குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறவங்களுக்கு: "என்னம்மா இப்படி இளைச்சுட்டான், நீ ஒண்ணும் கொடுக்கறதில்லையா?" இந்த ஒரு வாக்கியம் அந்த அம்மாவை ராத்திரி தூங்க விடாது. அடுத்த நாள் அந்தக் குழந்தை வாயில கூடுதலா திணிக்கப்படுற ஒவ்வொரு உருண்டையும் உங்க கணக்குலதான்.
எடை போதுமான்னு பார்க்கத் தராசு இருக்கு. தாய் சேய் நல அட்டையில வளர்ச்சிக் கோடு இருக்கு. அங்கன்வாடியில மாசாமாசம் இலவசமா எடை பார்க்கறாங்க. கண்ணால எடை போடாதீங்க.
அப்பாக்களுக்கு: ஒரு வேளை சாப்பாடு உங்க பொறுப்பு. "உதவி" இல்லை, பொறுப்பு.

15/
எப்போ டாக்டரைப் பார்க்கணும்? எடை ரெண்டு மூணு மாசமா ஏறலை, இல்ல வளர்ச்சிக் கோட்டுல கீழே இறங்குது. முகம், நகம் வெளுத்திருக்கு. மண், சுண்ணாம்பு திங்குது. மெல்லவோ விழுங்கவோ முடியலை. அடிக்கடி வாந்தி, பேதி. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே காட்டுங்க. டானிக் வாங்கி ஊத்திட்டு உட்காராதீங்க.

16/
மத்தவங்க எல்லாம் இன்னைக்கு ராத்திரியில இருந்து இதைச் செய்ங்க. போனை உள்ளே வைங்க. குடும்பத்தோட உட்கார வைங்க. கொஞ்சமா பரிமாறுங்க. கையை விட்டு அளையட்டும், சிந்தட்டும். முகத்தைத் திருப்பினா சாப்பாடு முடிஞ்சது. திட்டு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், பதிலுக்கு பிஸ்கட்டும் வேண்டாம். அடுத்த வேளை வரைக்கும் தண்ணி மட்டும்.
முதல் ரெண்டு மூணு நாள் உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும். குழந்தைக்கு இல்லை.

வீட்டுல 1 முதல் 3 வயசுக் குழந்தை இருக்கிறவங்களுக்குப் பகிருங்க. முக்கியமா, "இளைச்சுட்டான்"னு சொல்ற அந்த ஒருத்தருக்கு.