எவர் கூற்று? – மேயர் தேர்தல் ஆவணப்படங்களும் நடுநிலையும்

தேர்தலைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வெளிவந்தவுடன் எழுகின்ற முதற்கேள்வி, ‘இது எந்தப் பக்கம்?’ என்பதாகவே இருக்கிறது. பக்கச் சார்பு இருப்பதாக ஐயம் எழுந்துவிட்டால் படத்தின் மற்றத் தகுதிகள் யாவும் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றன. ஆவணப்படத்தில் சார்பு இருக்கலாகாது என்னும் எதிர்பார்ப்பு நியாயமானதுதானா, நடுநிலை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு உள்ளூர்த் தேர்தல்களைப் பற்றிய படங்களே தக்க களம்.

காரணம் எளிது. ஒரு நாட்டின் அதிபர் தேர்தலை நூற்றுக்கணக்கான காமிராக்கள் பின்தொடர்கின்றன. ஒன்று மறைத்ததை மற்றொன்று காட்டிவிடும். ஒரு நகரத்தின் மேயர் தேர்தலுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் மட்டுமே மாதக்கணக்கில் உடனிருந்து படம் பிடித்திருப்பார். பத்தாண்டுகள் கழித்து அத்தேர்தலைப் பற்றி வெளியுலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு படம் சொன்னதாகவே இருக்கும். ஆகவே அங்கே சார்பு என்பது வெறும் அழகியல் சிக்கலன்று. ஒரு நகரத்து மக்களின் நினைவை யார் எழுதுவது என்னும் சிக்கல்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மார்ஷல் கரி இயக்கிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்’. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள நியூவர்க் நகரில் 2002ஆம் ஆண்டு நடந்த மேயர் தேர்தலைப் பற்றியது. 1986 முதல் மேயராக இருந்துவந்த ஷார்ப் ஜேம்ஸ் ஒருபுறம். முப்பத்து மூன்று வயதே நிரம்பிய நகர்மன்ற உறுப்பினர் கோரி புக்கர் மறுபுறம். இருவரும் கறுப்பினத்தவர், இருவரும் ஜனநாயகக் கட்சியினர். ஜேம்ஸ் அவ்வூரின் தெருக்களிலிருந்து எழுந்து வந்தவர். புக்கர் புறநகரில் வளர்ந்து, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, யேல் ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்று, பின்னர் நியூவர்க்கில் குடியேறியவர். ஜேம்ஸ் ஏறத்தாழ ஐம்பத்து மூன்று விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார்.

படம் புக்கருடனேயே நடக்கிறது. இதற்கான காரணத்தைக் கரி மறைக்கவில்லை. இரு தரப்பையும் படமெடுக்க விரும்பியதையும், மேயர் தரப்பு இடங்கொடுக்க மறுத்ததையும் தம் குரலிலேயே சொல்கிறார். பொதுவிடத்தில் நடைபெறும் மேயரின் நிகழ்ச்சிகளில்கூட அவர் படம் பிடிக்கவொட்டாமல் தடுக்கப்படுகிறார். காவலர்களின் கைகள் காமிராவை மறைக்கின்றன. அந்தக் கைகளும் படத்தில் இருக்கின்றன. இது படத்தின் பெரும் வலிமை. தனக்கு மறுக்கப்பட்ட காட்சியையே ஒரு காட்சியாக்கிப் பார்வையாளர் முன் வைத்துவிடுகிறது. புக்கர் தரப்புக்குச் சங்கடமளிக்கும் செய்திகளையும் அது விட்டுவிடவில்லை.

நகரத்தின் காவல்துறையைக் கொண்டு ஒரு காமிராவை மறைக்கும் ஆட்சியாளருக்கும், மறைக்கப்படும் காமிராவுக்கும் நடுவில் நின்று ‘இருவரிடமும் குறை உண்டு’ என்று சொல்வது நடுநிலையாகாது. தராசின் முள் ஒரு பக்கம் சாய்வது, அந்தத் தட்டில் எடை கூடுதலாக இருப்பதனால். முள்ளைப் பிடித்து நேரே நிறுத்துபவனே பொய்யன். வள்ளுவர் நடுவு நிலைமையைச் சொல்ல எடுத்துக்கொண்ட உவமையும் தராசுதான். தான் சமமாக நின்று, பின் தன்மேல் வைக்கப்பட்டதன் எடையை உள்ளவாறு காட்டுவது அது. சமமாக நிற்க வேண்டியது கோல், சரக்கு அன்று.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்’ குறித்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த ஐம்பத்து மூன்று விழுக்காட்டினர் எங்கே?

ஜேம்ஸுக்கு வாக்களித்தோர் படத்தில் வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அச்சத்தாலோ, சலுகையாலோ, ஏமாற்றப்பட்டதாலோ அவர் பக்கம் நிற்பவர்களாகவே நம் மனத்தில் பதிகிறார்கள். நன்கு எண்ணித் துணிந்து அவருக்கு வாக்களித்த ஒரு மூதாட்டியின் நியாயம் என்னவாக இருந்திருக்கும் என்பதற்குப் படத்தில் போதிய இடமில்லை. நியூவர்க்கின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கினால் அந்த நியாயம் புலப்படும். 1967ஆம் ஆண்டின் கலவரத்தில் அந்நகரில் இருபத்தாறு பேர் மாண்டனர். 1970இல்தான் கென்னத் கிப்சன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராக முடிந்தது. அவருக்கு அடுத்து வந்தவர் ஜேம்ஸ். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் கைக்கு வந்த நகராட்சியை, வெளியூரிலிருந்து வந்தவரும் வெளியூர்ச் செல்வர்களின் நன்கொடையைப் பெறுபவருமான ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கலாமா என்று ஒரு தலைமுறை தயங்கியது வியப்பன்று. அத்தயக்கத்தை ஜேம்ஸ் மிகக் கீழ்த்தரமாகப் பயன்படுத்திக்கொண்டார். புக்கர் உண்மையான கறுப்பரே அல்லர் என்னுமளவுக்குப் போனார். ஆனால் பயன்படுத்தப்பட்டது என்பதனாலேயே அத்தயக்கம் பொய்யாகிவிடாது.

பின்னர் நடந்தவை படத்தின் பக்கமே சாட்சி சொல்லின என்று வாதிடுவோர் உண்டு. 2006இல் ஜேம்ஸ் போட்டியிடவில்லை. புக்கர் பெருவெற்றி பெற்று மேயரானார். 2008இல், நகராட்சி நிலங்களைத் தம் தோழி ஒருவருக்குக் குறைந்த விலையில் விற்கச் செய்த மோசடி வழக்கில் ஜேம்ஸுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2013இல் புக்கர் அமெரிக்க செனட் உறுப்பினரானார். இந்த வாதத்தில் ஒரு வழு உள்ளது. நீதிமன்றத் தீர்ப்பு ஜேம்ஸ் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சான்று. அவருடைய வாக்காளர் எப்படிப்பட்டவர்கள் என்பதற்குச் சான்றன்று. மேலும், படம் நடந்ததைப் பதிவு செய்ததோடு நின்றுவிடவும் இல்லை. 2005இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, 2006இன் தொடக்கத்தில் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் நியூவர்க்கில் அடுத்த மேயர் தேர்தல். தோற்றவரின் கதையாக எடுக்கப்பட்ட படம், அவர் மீண்டும் களமிறங்கும் வேளையில் அவருக்குரிய அறிமுகவுரையாகவும் அமைந்துவிட்டது. இதில் கரியின் குற்றம் ஏதுமில்லை. ஆனால் தேர்தலைப் பற்றிய படம் தேர்தலுக்கு வெளியே நிற்க முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அப்படியானால் இரு தரப்புக்கும் சம நேரம் ஒதுக்கிவிட்டால் சார்பு நீங்கிவிடுமா? 1960இல் ராபர்ட் ட்ரூ உருவாக்கிய ‘பிரைமரி’யைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் கென்னடியும் ஹம்ஃப்ரியும் மோதிய முதனிலைத் தேர்தல் அது, மேயர் தேர்தலன்று. எனினும் தேர்தல் ஆவணப்படங்களுக்கெல்லாம் தாய் அந்தப் படம். இருவரிடமும் காமிரா சென்றது. ஆனால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போகும் கென்னடியின் பின்னந்தலையை ஒட்டியே தொடர்ந்த அந்த ஒரு நீண்ட காட்சியே நினைவில் நிற்கிறது. கிராமத்து உழவர்களிடம் பேசிக்கொண்டிருந்த ஹம்ஃப்ரி மங்கிப்போகிறார். நிமிடங்களை எண்ணிச் சமன் செய்யலாம். ஒளியை எவ்வாறு சமன் செய்வது?

வருணனையும் பின்னணி இசையும் நீக்கிவிட்டால்? ஜப்பானிய இயக்குநர் கசுஹிரோ சோடாவின் ‘கேம்பெய்ன்’ (2007) அவ்வாறு எடுக்கப்பட்டதே. கவசாகி நகர்மன்ற இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வேட்பாளராக நின்ற, அரசியலுக்குப் புதியவரான ஒருவரைப் பின்தொடர்கிறது. விளக்கவுரை கிடையாது, இசை கிடையாது. அவர் ஒலிபெருக்கியில் தம் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதும், எதிர்ப்பட்டோரையெல்லாம் குனிந்து வணங்குவதும் அப்படியே நம் முன் வைக்கப்படுகின்றன. புறவயம் என்றால் இதுவல்லவா என்று தோன்றும். ஆனால் வேட்பாளர் இயக்குநரின் கல்லூரித் தோழர்; எதிரணியினர் படத்தில் ஏறக்குறைய இல்லை. மௌனமாக இருப்பதால் மட்டும் ஒரு கண் நடுநிலைக் கண்ணாகிவிடுவதில்லை. சோடாவும் அவ்வாறு உரிமை கொண்டாடுவதில்லை. அதுவே அவருடைய நேர்மை.

உறவு நெருங்க நெருங்கச் சார்பு கூடும் என்பதும் முழு உண்மையன்று. 2013ஆம் ஆண்டு நியூயார்க் மேயர் பதவிக்குப் போட்டியிட்டு, தம் ஒழுக்கக்கேடுகளாலேயே வீழ்ந்த அந்தோணி வீனரைப் பற்றிய ‘வீனர்’ (2016) படத்தை இயக்கிய இருவருள் ஒருவரான ஜாஷ் கிரீக்மன், ஒருகாலத்தில் வீனரிடமே பணியாற்றியவர். ஆயினும் அப்படம் துதிபாடவில்லை. எவரும் காண விரும்பாத கணங்களைக் காட்டுகிறது. ‘இதையெல்லாம் படமெடுக்க ஏன் என்னை அனுமதித்தீர்கள்?’ என்று ஓரிடத்தில் இயக்குநரே கேட்டுவிடுகிறார். உறவு அங்கே மறைக்கப்படவில்லை, விசாரணைக்கு உள்ளாகிறது.

இந்தப் படங்களையெல்லாம் சேர்த்து எண்ணும்போது, நம் அகத்திணை மரபின் ‘கூற்று’ என்னும் கோட்பாடு நினைவுக்கு வருகிறது. அகப்பாடல் எதுவும் புலவரின் கூற்றாக வருவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யாரோ ஒருவர், யாரையோ நோக்கி, ஒரு சூழலில் பேசுகிறார். தலைவனின் புறத்தொழுக்கத்தைத் தலைவி இடித்துரைக்கும் பாடலைப் படித்துவிட்டு, ‘இது ஒருதலைப்பட்சமானது’ என்று எவரும் முறையிடுவதில்லை. அது தலைவியின் கூற்று என்பதை அறிந்தே படிக்கிறோம். அதே வேளையில் அம்மரபு பரத்தைக்கும் ஒரு கூற்றை அளித்திருக்கிறது. தலைவியின் பாடல்களில் பழிக்கப்படுபவள், தன் பாடலில் தன் நியாயத்தோடும் தன் செருக்கோடும் பேசுகிறாள். பழிக்கப்பட்டவளுக்கும் ஒரு நா உண்டு என்று ஏற்றுக்கொண்ட மரபு அது.

ஆவணப்படத்திடம் நாம் கேட்க வேண்டியவையும் இவ்விரண்டே. இது எவர் கூற்று என்பதை அது ஒளிவின்றிச் சொல்கிறதா? யாருடைய வண்டியில் ஏறிப் போனது, யாருடைய கதவு அடைக்கப்பட்டது, யார் நண்பர், எப்போது வெளியிடப்பட்டது என்பவை பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். இக்கேள்வியில் கரி முழு மதிப்பெண் பெறுகிறார். இரண்டாவது, எதிர்த்தரப்புத் தலைவருக்கு இடம் கிடைக்காவிட்டாலும் எதிர்த்தரப்பு வாக்காளருக்கு அது நா அளிக்கிறதா? தலைவர் கதவடைக்கலாம், அவருடைய வாக்காளர்கள் தெருவிலும் தேவாலய வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் செல்ல எந்த மேயரின் இசைவும் தேவையில்லை. இக்கேள்வியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்’ பாதி தூரமே வந்திருக்கிறது என்பது என் துணிபு.

சார்பற்ற படம் என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது; அது சோம்பலுக்கும் பிரசாரத்துக்கும் ஒருசேரக் கதவு திறந்துவிடும். சார்பு தவிர்க்க முடியாததாக இருக்கலாம். பொறுப்பு தவிர்க்கக் கூடியதன்று. வென்ற வேட்பாளருக்கும் தோற்ற வேட்பாளருக்கும் தங்கள் கதையைச் சொல்ல வேறு வழிகள் கிடைத்துவிடுகின்றன. புக்கர் செனட்டில் பேசுகிறார். வாக்குச்சாவடிக்கு வந்து வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய அந்த ஐம்பத்து மூன்று விழுக்காட்டினருக்கு அந்தப் படத்தை விட்டால் வேறு இடம் ஏது?