பல் இம்ப்ளான்ட்டுக்குக் கிருமி எதிர்ப்புப் பூச்சு: எத்தனை நாள் காக்கும்?

பல் போன இடத்தில், தாடை எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூவைப் பதித்து, அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவதுதான் இம்ப்ளான்ட். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. அதனால் ‘ஒரு தடவை போட்டாச்சு, இனி கவலையில்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சுற்றியுள்ள ஈறில் பாக்டீரியா படிந்தால் அழற்சி உண்டாகி, எலும்பு கரையும். கடைசியில் ஸ்க்ரூவே ஆடும். இதற்குப் பெயர் ‘பெரி-இம்ப்ளான்டைட்டிஸ்’. இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுத் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. இதைத் தடுக்கத்தான் கிருமி எதிர்ப்புப் பூச்சுகளை உருவாக்கி வருகிறார்கள்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போனதை 1950-களில் கவனித்தவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். இப்போது எலும்பு சீக்கிரம் பிடிப்பதற்காக ஸ்க்ரூவின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். எலும்பு செல்லுக்குக் கிடைக்கும் அதே பிடிமானம் கிருமிக்கும் கிடைத்துவிடுகிறது.

பூச்சு என்ன செய்யும்?

வெள்ளி, துத்தநாகம், குளோர்ஹெக்சிடின், ஆன்டிபயாடிக் எனப் பல வகைகள் ஆய்வில் உள்ளன. டைட்டானியத்திலேயே நுண்ணிய குழாய்களை உருவாக்கி, அவற்றில் மருந்தை நிரப்புவதும் ஒரு வழி. ஆனால் அளவு முக்கியம். வெள்ளி கூடினால் எலும்பு செல்லும் சாகும். ஆன்டிபயாடிக் குறைந்த அளவில் கசிந்துகொண்டே இருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரலாம்.

எலும்பு முறிவுக்கு வைக்கும் கம்பிகளில் உதவுகிறதே?

ஆமாம். ஜென்டாமைசின் பூசிய கம்பிகள் ஐரோப்பாவில் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் அவை உடலுக்குள் மூடப்பட்டுவிடும்; ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் காத்தாலே பெரிய உதவி. பல் இம்ப்ளான்ட் அப்படியல்ல. ஈறைத் தாண்டி வாய்க்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், கிருமி தினமும் வரும். மருந்து கசியும் பூச்சு பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்ந்துவிடும். நோயோ பல வருடம் கழித்தும் வரலாம்.

நோயாளி என்ன செய்யலாம்?

‘ஸ்பெஷல் கோட்டிங்’ என்று கூடுதல் கட்டணம் கேட்டால், ‘இது எலும்பு பிடிக்கவா, கிருமியைத் தடுக்கவா? மனிதர்களிடம் எத்தனை வருடம் சோதித்தார்கள்?’ என்று டாக்டரிடம் கேட்கலாம். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஏற்கெனவே ஈறு நோய் வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எந்தப் பூச்சு இருந்தாலும் தினமும் இடுக்குகளைச் சுத்தம் செய்வதும், டாக்டர் சொன்ன இடைவெளியில் பரிசோதனைக்குப் போவதும் தவிர்க்க முடியாதவை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி ரத்தமோ சீழோ வந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.